எச்எம்டி ஜனதா ஓடவில்லை: நானே பிரித்துச் சரிசெய்யலாமா?

பஞ்சாலைப்பையன்:

வணக்கமுங்க. எங்க பெரியப்பாவோட எச்எம்டி ஜனதா என் கைக்கு வந்திருக்கு. சாவி கொடுக்கற வாட்ச், வெள்ளை டயல், 17 ஜுவல் (சக்கர அச்சுகளைத் தாங்கற பொடிக் கல்). மில்லுல வேலைக்குச் சேர்ந்தப்ப வாங்கினது. ரிட்டயர் ஆகற வரைக்கும் கழட்டல, அப்புறம் பீரோவுலயே கிடந்திருக்கு.

இப்ப இருக்கற நிலைமை: சாவி முழுக்க இறுகி நிக்குது, ஆனா ஓடல. கையில வெச்சுத் தட்டினா நாலஞ்சு டிக் அடிச்சுட்டு நின்னுடுது. கண்ணாடியில கீறல் இல்லாத இடமே இல்லை, மணி பாக்க வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிக்கணும். ஸ்ட்ராப் மாட்டற காது ரெண்டுலயும் க்ரோம் உரிஞ்சு பித்தளை தெரியுது, அதுமேல பச்சை பூத்திருக்கு. டயல்ல ஆறு மணிக்குப் பக்கத்துல பழுப்பா ஒரு திட்டு. பின்மூடியைச் சுத்தி யாரோ கத்தி போட்டுத் திறந்த அடையாளம்.

இங்க ஒரு கடையில காட்டினேன். ஓவர் வைண்டிங் ஆகி ஸ்ப்ரிங் போயிடுச்சாம். மெஷினைத் தூக்கிட்டு உள்ள பேட்டரியில ஓடற குவார்ட்ஸ் வெச்சு, டயலையும் புதுசா அடிச்சுத் தர்றேன்னாங்க. எனக்கு மனசு வரல. நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், ஸ்பேனர் பிடிச்ச கை. இவ்வளவு பொடிசான சாமானைத் தொட்டதில்லை. நானே இறங்கலாமா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நேரங்கெட்டவன்:

கணக்கு போட்டுட்டு இறங்குங்க. லூப் (கண்ணுல வெச்சுப் பாக்கற பூதக்கண்ணாடி), ட்வீசர், ஸ்க்ரூடிரைவர் செட், எண்ணெய், எல்லாம் சேர்த்தா அந்த வாட்சைப் போல ரெண்டு மூணு வாங்கிடலாம். கையில மொபைல் இருக்கு, அது காட்டாத மணியையா இது காட்டப்போகுது?

பழையலூப்:

தம்பி பஞ்சாலை, மொதல்ல ஒரு விஷயம். ஓவர் வைண்டிங்னு ஒரு நோயே கிடையாது. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டிக்கடை அளவுல கடை போட்டு உக்காந்தவன் சொல்றேன். சாவி முழுசா ஏறி நிக்குதுன்னா ஸ்ப்ரிங் அறுந்து போகலைன்னு அர்த்தம். அறுந்திருந்தா சாவி நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்ப்ரிங்ல பலம் ஏறியிருக்கு, அந்தப் பலம் பாலன்ஸ் வரைக்கும், அதாவது இப்படியும் அப்படியும் ஆடுற சக்கரம் வரைக்கும், போய்ச் சேரல. நடுவுல பழைய எண்ணெய் பிசினாக் காய்ஞ்சு கெடக்கும். தட்டினா நாலு டிக் அடிக்குதுன்னு சொல்றீங்களே, அப்ப பாலன்ஸ் ஊசி, அதான் அதோட அச்சு, உடையல. நல்ல சகுனம்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்ப்ரிங்ல இருக்கிற பலத்தை இறக்கணும். இதை மட்டும் மறக்கக் கூடாது. சாவியை ரெண்டு விரலால கெட்டியாப் பிடிங்க, லேசா முன்னால சுத்திக் கொடுத்து, கிளிக்கை (சாவி பின்னால திரும்பாமப் பிடிக்கிற கொக்கி) ஊசியால ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சாவியை விரலுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா நழுவ விடுங்க. சடார்னு விட்டா பல் போகும், கிளிக் போகும்.

அடுத்தது பாலன்ஸ். மேல இருக்கிற மத்த எதையும் தொடறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி, மூடி போட்டுப் பத்திரமா வைங்க. அதுல இருக்கிற மெல்லிசுச் சுருள், ஹேர் ஸ்ப்ரிங், ஒரு தடவை நெளிஞ்சா அதை நிமித்துறது தனி வித்தை.

ஸ்டெம்மை (சாவியோட தண்டு) உருவறதுக்கு பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஒண்ணு, ஒன்றரைச் சுத்து தளத்தினா போதும். முழுசாக் கழட்டினா டயலுக்கு அடியில இருக்கிற லீவர் விழுந்து, சாவிப் பக்கத்துச் சாமான் எல்லாம் கலைஞ்சுபோகும்.

இன்னொண்ணு. பெரியப்பா வாட்சுல கை பழக வேண்டாம். வாட்ச் மெட்டீரியல் கடையில ஓடாத எச்எம்டி மெஷின் சல்லிசாக் கிடைக்கும். அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டுங்க. கண்ணை மூடினா எந்தச் சக்கரம் எங்கன்னு தெரியணும், அப்புறம் இதைத் தொடுங்க. அந்த மெஷினே பின்னால உங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாவும் ஆகும்.

டயல்பித்தன்:

குவார்ட்ஸ் மெஷின் வைக்கிறேன்னு சொன்ன கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க.

ஜனதா சாதாரண வாட்ச்தான், விலை உயர்ந்ததில்லை. ஆனா இந்தியாவுல வாட்ச் தயாரிப்போட ஆரம்பமே எச்எம்டியிலதான். எச்எம்டி 1961-ல ஜப்பான் சிட்டிசனோட ஒப்பந்தம் போட்டு பெங்களூருல வாட்ச் தொழிற்சாலை தொடங்கினப்ப, முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. அதுக்கு முன்னாடி நல்ல வாட்ச்னா சுவிஸ் சரக்குதான். ஃபாவ்ர் லூபா 1865-லயே பம்பாய்க்கு வந்துட்டான். சாதாரண மாசச் சம்பளக்காரன் கையில உள்ளூர் வாட்ச் ஏறினது எச்எம்டியாலதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு, எஸ்எஸ்எல்சி பாஸான பையனுக்கு, வேலையில சேர்ந்தவனுக்கு, எல்லாத்துக்கும் அதுதான். அப்புறம் 1984-ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டன் ஆரம்பிச்சு, ஓசூர்ல இருந்து குவார்ட்ஸ் வாட்ச் வர ஆரம்பிச்சதும் சாவி வாட்ச்சோட கதை இறங்குமுகம். எச்எம்டி வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது 2016 ஜனவரியில.

மூடினாங்கன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்குத் தேட ஆரம்பிச்சாங்க. அந்தத் தேடலுக்குத் தீனி போடத்தான் ஆரஞ்சு டயல், மயில்நீல டயல்னு கம்பெனி கண்ணாலயே பாக்காத ஜனதாவும், பைலட்ங்கற இன்னொரு எச்எம்டி மாடலும் ஆன்லைன்ல குவியுது. பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிச்சு, எழுத்தை அச்சுப் போட்டது. லூப்ல பாருங்க, எழுத்து தடிச்சிருக்கும், நிமிஷக் கோடு ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா இருக்கும், முள்ளு புதுசாப் பளபளக்கும். உங்க கையில இருக்கிறது ஒரிஜினல் டயல். பழுப்புத் திட்டோட அப்படியே இருக்கட்டும்.

பஞ்சாலைப்பையன்:

பழையலூப் ஐயா சொன்னபடி செத்த மெஷின் வாங்கிக் கை பழகிட்டேனுங்க. இப்பப் பெரியப்பா வாட்சைத் திறந்து பாலன்ஸ் வரைக்கும் கழட்டியாச்சு.

எண்ணெய் எல்லாம் காபி டிகாஷன் நிறத்துல உறைஞ்சு கிடக்கு. ஹேர் ஸ்ப்ரிங் தட்டையா, வட்டமா, நல்லா இருக்கு. சக்கரப் பல் எல்லாம் முழுசு. ரெண்டு தலைவலி. ஒண்ணு, ஸ்டெம்மோட நடுவுல துரு. வேர்வை இறங்கியிருக்கும்போல. ரெண்டாவது, சக்கரங்களை மூடற பிரிட்ஜுல மூணு திருகுல ஒண்ணு தலை உடைஞ்சு, உடம்பு உள்ளயே சிக்கியிருக்கு. யாரோ முன்னாடி சர்வீஸ் பண்ணினப்ப உடைச்சுட்டு, ரெண்டு திருகுலயே ஓட்டி அனுப்பியிருக்காங்க. பிரிட்ஜ் கழண்டுடுச்சு, திருகுத் துண்டு மெயின் பிளேட்டுல நிக்குது. மேல பிடிச்சுத் திருக ஒரு நுனிகூட இல்லை. டிரில் போடலாமா?

மதுரைமைக்ரோ:

டிரில் வேண்டாம் தம்பி! பித்தளை மெத்துனு இருக்கும், திருகு எஃகு. டிரில் நுனி வழுக்கிப் பித்தளைப் பக்கம் ஓடும், மரை போயிடும்.

படிகாரம். மளிகைக் கடையில கிடைக்கிற அதே படிகாரம்தான், சவரக் கடையில தாடைக்குத் தடவுவாங்களே, அது. வெந்நீர்ல கரையற மட்டும் கரைச்சு, அந்தக் கரைசல்ல பிளேட்டை முக்கி, கரைசல் சூடாவே இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க. எஃகை அது தின்னும், பித்தளையையும் ஜுவலையும் தொடாது. அதனால முக்கறதுக்கு முன்னாடி பிளேட்டுல வேற எந்த எஃகுச் சாமானும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு திருகும், லீவரும், ஸ்ப்ரிங்கும் வெளியில வந்திருக்கணும். மறதியா ஒண்ணை விட்டா அதுவும் கரையும். கரைசல்ல நுண்ணிய குமிழி வந்துட்டே இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். பொறுமை வேணும், ராத்திரி முழுக்க ஆகலாம், மேலயும் ஆகலாம். துண்டு கறுப்பு மாவா ஆனதும் மூங்கில் குச்சியால தள்ளினா வந்துடும். அப்புறம் சமையல் சோடாத் தண்ணியில அலசி, நல்ல தண்ணியில கழுவி, ஈரம் இல்லாமக் காய வைங்க.

நான் ஆஸ்பத்திரி உபகரணங்கள் சரிபண்றவ. வாட்ச் ராத்திரிப் பொழுதுபோக்கு. அந்த அனுபவத்துல இன்னொண்ணும் சொல்றேன். ஃபேனை நிறுத்துங்க. மேஜை உயரமா இருக்கட்டும், நெஞ்சு மட்டத்துக்கு. கை மேஜையில ஊன்றி இருந்தா நடுங்காது. மேஜைமேல வெள்ளைத் துணியை விரிச்சு, அதோட முனையை உங்க மடிமேலயும் போட்டுக்கோங்க. தெறிச்சது தரைக்குப் போகாது. ஸ்க்ரூடிரைவர் நுனியை எண்ணெய்க்கல்லுல தேய்ச்சு, திருகுப் பள்ளத்துக்குச் சரியா உக்கார்ற அகலத்துக்குக் கொண்டு வாங்க. புதுசா வாங்கின டிரைவரோட நுனி எப்பவும் சரியா இருக்காது.

பஞ்சாலைப்பையன்:

அக்கா, படிகாரம் வேலை செஞ்சுடுச்சுங்க. மரை அப்படியே பளிச்சுனு இருக்கு. செத்த மெஷின்ல இருந்து எடுத்த திருகு நூல் மாதிரி இறங்குது. ஸ்டெம்மும் அதுல இருந்தே எடுத்துக்கிட்டேன், அளவு சரியா இருக்கு.

அடுத்துக் க்ளீனிங். கடைக்காரங்க எல்லாம் பெட்ரோல்ல முக்கி எடுக்கறதைப் பார்த்திருக்கேன். நானும் அப்படியே பண்ணட்டுமா?

பழையலூப்:

நாங்க வெள்ளைப் பெட்ரோல்லதான் கழுவினோம். ஒரு பிரஷ், ஒரு கிண்ணம், வாயால ஊதற பல்பு. ஒரு நாளைக்கு எட்டு, பத்து வாட்ச் போகும். குறை ஒண்ணும் இல்ல. ஆனா கூலி கொடுக்கிறவன் அவசரம் வேற, உங்க அவசரம் வேற. பிரிக்காம முழு மெஷினையும் முக்கி, மேல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுக்கிற ஆட்களும் உண்டு. அந்த வாட்ச் ஆறு மாசத்துல திரும்ப வரும்.

மதுரைமைக்ரோ:

சிகரெட் லைட்டர்ல ஊத்தற திரவம் சின்ன டப்பாவுல விக்குது, அது போதும். அழுக்கைக் கரைக்கும், பிசுக்கு விடாது. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

நிறைய பேர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல கடைசியா அலசுவாங்க. சக்கரம், பிரிட்ஜுக்குச் சரி. பேலட் ஃபோர்க்கையும் (பாலன்ஸைத் தட்டித் தட்டி ஆட வைக்கிற கவை மாதிரிச் சாமான்) பாலன்ஸையும் ஆல்கஹால்ல ஊற வைக்கவே கூடாது. ஃபோர்க்கோட ரெண்டு கல்லும், பாலன்ஸுக்கு அடியில இருக்கிற இம்பல்ஸ் கல்லும் அரக்கு வெச்சு ஒட்டினது. அரக்கு ஆல்கஹால்ல கரையும். கல் அரை மயிரிழை நகர்ந்தாலும் வாட்ச் நடை கெட்டுடும். அது ரெண்டையும் லைட்டர் திரவத்துல மட்டும் அலசுங்க.

கழுவினது போதும்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு ஜுவல் ஓட்டையிலயும் கூராச் சீவின மூங்கில் குச்சியை விட்டுத் திருகி எடுங்க. நுனி பழுப்பா வந்தா மறுபடி சீவி மறுபடி விடுங்க. நுனி வெள்ளையா வர்ற வரைக்கும்.

நீலகிரியான்:

எண்ணெய்னு பேச்சு வந்ததால ஒரு கூத்து. எங்க ஊர்ல ஒருத்தர் வாட்ச் டிசம்பர் காலையில மட்டும் நிக்கும், மதியம் வெயில் ஏறினதும் ஓடும். திறந்து பார்த்தா தேங்காயெண்ணெய் வாசம். யாரோ அன்பா விட்டிருக்காங்க. ஊட்டிக் குளிர்ல அது உறையாம என்ன பண்ணும்?

பஞ்சாலைப்பையன்:

பாராஷாக், அதான் பாலன்ஸ் ஊசியை அதிர்ச்சியில இருந்து காப்பாத்தற அமைப்பு, என்னைப் படுத்துதுங்க. பாலன்ஸோட மேல் ஜுவலையும் கீழ் ஜுவலையும் பிடிச்சுக்கற அந்தப் பொடி ஸ்ப்ரிங்கை எடுக்கத் தைரியம் வரல. அதைத் தொடாமயே விட்டுடலாமா? பார்வைக்கு அழுக்காத் தெரியல.

பழையலூப்:

விடக் கூடாது. பாலன்ஸ் ஊசி முனை அந்தக் கல்லுமேலதான் நின்னு ஆடுது. மணிக்கு 18,000 ஆட்டம், ஒரு நாளைக்கு 4,32,000. மெஷினுக்குள்ள அதிகமா உழைக்கிற இடமே அதுதான். அங்க பழைய எண்ணெய் காய்ஞ்சு கெடந்தா மத்ததைக் கழுவினதெல்லாம் வீண்.

நல்ல பாலிதீன் பை ஒண்ணு எடுங்க, கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கணும். பாலன்ஸ் பிரிட்ஜையும், ட்வீசரோட ரெண்டு கையையும் பைக்குள்ள விட்டு வேலை பண்ணுங்க. தெறிச்சாலும் பைக்குள்ளயே கெடக்கும். ஸ்ப்ரிங்கை லூப்ல ரொம்ப நேரம் பாருங்க, அவசரப்படாதீங்க. எந்தக் கால் பள்ளத்துல மாட்டியிருக்கு, எது விடுபடும்னு கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் கை போகணும். ஒரு கூரான மரக்குச்சியால ஸ்ப்ரிங்கோட நடுவுல லேசா அமுக்கிப் பிடிங்க, ட்வீசரால காலை ஒதுக்குங்க. அமுக்கிப் பிடிச்சிருக்கிற குச்சிதான் அதைப் பறக்க விடாம நிறுத்துறது.

ஸ்ப்ரிங் வந்ததும் மேல் கல் ஒட்டிக்கிட்டு வராது, எண்ணெய் பிசின் பிடிச்சு வெச்சிருக்கும். பிரிட்ஜைக் கவுத்து, ஒரு சொட்டு லைட்டர் திரவம் விட்டா இறங்கும். ரெண்டு கல்லையும் கழுவித் துடைச்சு, தட்டையான பக்கத்துல ஒரு துளி எண்ணெய். துளியோட அகலம் கல்லுல பாதிக்கு மேல இருக்கணும், விளிம்பைத் தொடக் கூடாது. ஓட்டைக்கல்லை அதுமேல கவுத்தி உக்கார வெச்சா எண்ணெய் நடுவுல வட்டமா நிக்கும். விளிம்புக்கு ஓடிட்டா கழுவிட்டு மறுபடி மொதல்ல இருந்து. கூச்சப்பட வேண்டியதில்ல, எல்லாருக்கும் அப்படித்தான்.

மதுரைமைக்ரோ:

எண்ணெய் வகை: வேகமாச் சுத்தற இடத்துக்கு மெல்லிசு, அமுக்கம் அதிகமுள்ள மெதுவான இடத்துக்குக் கெட்டி. மோபியஸ் 9010 மெல்லிசு. அது பாலன்ஸ், எஸ்கேப் சக்கரம் (ஃபோர்க் விட்டு விட்டுப் பிடிக்கிற சக்கரம்), அதுக்கு அடுத்த சக்கரம், இதுக்கெல்லாம். சென்டர் சக்கரம், ஸ்ப்ரிங் டப்பாவோட அச்சு, சாவிப் பக்கத்துச் சாமான், இதுக்கெல்லாம் எச்பி 1300 மாதிரி கெட்டி எண்ணெய். ஃபோர்க்கோட கல் முகத்துக்கு 9415. எல்லாம் சின்னக் குப்பியிலதான் வரும், விலை கடிக்கும். ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கலாம். தையல் மெஷின் எண்ணெய் ஆகவே ஆகாது.

பேலட் ஃபோர்க்கோட அச்சு முனைக்கு மட்டும் எண்ணெய் போடாதீங்க. அது சுத்தறதில்லை, அசையறது மட்டும்தான். எண்ணெய் போட்டா அந்த ஒட்டலே அதைப் பின்னால இழுக்கும்.

பூட்டும்போது ஒரு சோதனை. ஃபோர்க் போடறதுக்கு முன்னாடி சக்கரங்களையும் பிரிட்ஜையும் மட்டும் மாட்டி, சாவியை ஒரு கால் சுத்து கொடுங்க. சக்கரம் எல்லாம் விர்ருனு ஓடி, நிக்கிற நேரத்துல எஸ்கேப் சக்கரம் கொஞ்சம் பின்னால திரும்பினா வழி சுத்தம். தயங்கித் தயங்கி நின்னா எங்கயோ அழுக்கு இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம மேல போகாதீங்க.

நேரங்கெட்டவன்:

கிண்டல் பண்ண வந்தேன், மூணு நாளா இந்த இழையைத்தான் படிச்சுட்டிருக்கேன். டயலை என்ன பண்றதுன்னு யாரும் முடிக்கலையே? என் ஓட்டு, புதுசா அடிச்சுடலாம். பழுப்புத் திட்டோட யார் கட்டுவா?

டயல்பித்தன்:

நான் கட்டுவேன்.

சரி, காரணத்தோட சொல்றேன். மெஷின்ல நீங்க எதை மாத்தினாலும் திரும்ப மாத்த முடியும். திருகு போனா திருகு கிடைக்கும். டயலைச் சுரண்டினா முடிஞ்சது. அந்த எழுத்து, அந்த நிமிஷக் கோடு, அது தொழிற்சாலையில அடிச்ச அச்சு, இனிமே யாரும் அப்படி அடிக்கப் போறதில்லை. பழுப்பைப் போக்கறேன்னு ஈரப் பஞ்சு வைக்கிறவங்களும் இருக்காங்க. வார்னிஷ் கிளம்பி எழுத்தோட சேர்ந்து பஞ்சுல வந்துடும். ஊதுகுழாயால தூசியை ஊதுங்க, ரோடிகோ பசையை உருட்டி மெல்ல ஒத்தி எடுங்க. அதோட நிறுத்திக்கோங்க.

மதுரைமைக்ரோ:

பித்தன் சார், அது சேகரிக்கிறவங்க பார்வை. விக்கிறதா இருந்தா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. இது வீட்டு வாட்ச். தம்பியோட பெரியப்பா இருந்தா அவரே புதுசா அடிச்சுக் கொடுன்னுதான் சொல்லியிருப்பார். அந்தக் காலத்துல சர்வீஸுக்கு விட்டா டயல் மாத்தறது மரியாதையான வேலைதான், ஏமாத்து இல்லை. எழுத்தே தெரியாத அளவுக்கு அழிஞ்ச டயலை நான் மறுபடி அடிக்கக் கொடுத்திருக்கேன், இன்னமும் கொடுப்பேன். ஏமாத்து எதுன்னா, அடிச்சதை ஒரிஜினல்னு சொல்லி விக்கிறது.

ஆனா இந்த டயலுக்கு அது தேவையில்லைங்கறதுல நானும் பித்தன் சார் பக்கம். திட்டு ஆறு மணியில மட்டும் இருக்கு, எழுத்து எல்லாம் தெளிவு.

டயல்பித்தன்:

அப்பாடா.

இன்னொரு விஷயம், இந்த வாட்சுக்கு இல்லை, படிக்கிற மத்தவங்களுக்கு. 1960-க்கு முந்தின சுவிஸ் வாட்ச், அதுவும் ராத்திரியில மின்னற எண்ணும் முள்ளும் உள்ளது கிடைச்சா, டயலைச் சுரண்டாதீங்க. அந்தப் பூச்சுல ரேடியம் இருக்க வாய்ப்பு அதிகம். இப்ப மின்னலையேன்னு அசால்ட்டா இருக்க வேண்டாம். மின்னற பொருள்தான் செத்திருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும். அதோட அரை ஆயுள் 1,600 வருஷம். அமெரிக்காவுல டயலுக்கு ரேடியம் பூசின பெண்கள் தூரிகையை உதட்டுல வெச்சுக் கூராக்கித் தாடை எலும்பு அழுகிச் செத்தாங்க. மூடின வாட்சைக் கட்டறதுக்கும், திறந்து பொடியை மூச்சுல இழுக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

பஞ்சாலைப்பையன்:

டயலைத் தொடலைங்க, அப்படியே விட்டாச்சு. கேஸ் பத்தி ஒரு கேள்வி. பச்சையை எடுக்க அம்மா புளி போட்டுத் தேய்னு சொல்றாங்க, வெளக்குக்குத் தேய்க்கற மாதிரி. எங்க ஃபேக்டரி பக்கத்துல க்ரோம் பிளேட்டிங் பட்டறையும் இருக்கு.

பழையலூப்:

அம்மா சொல்றது வெளக்குக்குச் சரி. கேஸுக்கு வேண்டாம். க்ரோம் உரிஞ்ச ஓரத்து வழியா புளிப்பு உள்ள இறங்கி, நல்லா இருக்கிற க்ரோமையும் அடியில இருந்து கிளப்பும். மெஷினை வெளிய எடுத்த வெறும் கேஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊறப் போடுங்க, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. மிச்சம் இருக்கிற பச்சையை மரக்குச்சியால சுரண்டினா வரும்.

பட்டறையில கொடுத்தா மொதல்ல பஃபிங் போடுவான். காதோட விளிம்பு எல்லாம் உருண்டு சோப்புக் கட்டியாப் போகும், பின்மூடி எழுத்தும் மங்கும். குழியை ரொப்பாம க்ரோம் போட்டா குழி இன்னும் பளிச்சுனு தெரியும். பித்தளை தெரியட்டும் தம்பி. கட்டும்போது கையில கறுப்பு ஒட்டுச்சுன்னா உள்பக்கம் கொஞ்சம் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவுங்க.

கண்ணாடி அக்ரிலிக்தான், பிராஸோவும் பழைய பனியன் துணியும் போதும். ஆழமான கோடு இருந்தா புதுசு போட்டுடுங்க, அம்பது நூறு ரூபாய்ச் சமாசாரம். கண்ணாடிக்காக அழறவன் எவனும் இல்ல.

பஞ்சாலைப்பையன்:

ஓடுதுங்க!

பூட்டிட்டேன். பாலன்ஸை வெச்சு, ஊசி ஜுவல்ல இறங்கினதும், நான் திருகுகூடப் போடல, தானா ஆட ஆரம்பிச்சுடுச்சு. நண்பன்கிட்ட டைம்கிராஃபர் (வாட்ச் நடையை அளக்கற கருவி) இருந்தது, வெச்சுப் பார்த்தேன். டயல் மேல் நோக்கி, முழுச் சாவியில: நாளைக்கு 140 விநாடி வேகம், ஆம்ப்ளிட்யூட் (பாலன்ஸ் ஆடற அகலம்) 215 டிகிரி, பீட் எரர் 2.4 மில்லிசெகண்ட். இருபது மணி நேரத்துல நின்னுடுது. சந்தோஷப்படறதா, வருத்தப்படறதா?

மதுரைமைக்ரோ:

சந்தோஷப்படுங்க, அப்புறம் வரிசையாப் பாருங்க.

140 விநாடி வேகம்னா ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பு) தொடறதுக்கு முன்னாடி காந்தம் ஏறியிருக்கான்னு பாக்கணும். சின்ன திசைகாட்டியை வாட்ச் பக்கத்துல வைங்க. முள் ஆடினா காந்தம் ஏறியிருக்கு. ஹேர் ஸ்ப்ரிங்கோட சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளம் குறைஞ்ச மாதிரி ஆகிடும், அதனாலதான் வேகம். ஸ்பீக்கர், மொபைல் கவர் காந்தம், உங்க ஸ்க்ரூடிரைவர், எதுலயும் வந்திருக்கலாம். டீமேக்னடைசர் மலிவானதே போதும். பட்டனை அழுத்தினபடியே வாட்சை மெல்ல ஒரு கை தூரத்துக்கு விலக்கிட்டு, அப்புறம் பட்டனை விடணும்.

சாவி போதாம நிக்கிறதும் ஆம்ப்ளிட்யூட் குறைவும் ஒரே காரணம். மெயின் ஸ்ப்ரிங் சோர்ந்து போச்சு. டப்பாவுல இருந்து வெளிய எடுத்தா நல்ல ஸ்ப்ரிங் எதிர்த்திசையில வளைஞ்சு எஸ் மாதிரி விரியணும். பழைய நீல எஃகு ஸ்ப்ரிங் டப்பாவுல இருந்த சுருளாவே கிடந்தா மாத்திடுங்க.

பீட் எரர்னா டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமா இல்லை, நொண்டி நடக்குதுன்னு அர்த்தம். ஹேர் ஸ்ப்ரிங்கோட வெளி முனையைப் பிடிச்சிருக்கிற ஸ்டட் பிடி நகர்றதா இருந்தா அதை இழையளவு தள்ளுங்க. நகராததா இருந்தா பாலன்ஸை வெளிய எடுத்து காலட்டை (ஹேர் ஸ்ப்ரிங்கோட உள் முனையைப் பிடிச்சிருக்கிற வளையம்) திருப்பணும், அதைப் பழையலூப் ஐயா மேற்பார்வையில பண்ணுங்க. ஒண்ணுக்குக் கீழ வந்தா சாவி வாட்சுக்கு நல்லது. சைபர் வேணும்னு ஹேர் ஸ்ப்ரிங்கைத் தொட்டுட்டே இருக்காதீங்க.

பஞ்சாலைப்பையன்:

அக்கா, திசைகாட்டி முள் கண்ணா பின்னானு சுத்துச்சு. டீமேக்னடைஸ் பண்ணினதும் வேகம் 20 விநாடிக்குள்ள வந்துடுச்சு. ஸ்ப்ரிங்கும் நீங்க சொன்ன மாதிரிச் சுருளாவே விழுந்தது. மெட்டீரியல் கடையில புதுசு வாங்கிப் போட்டேன். இப்ப ஆம்ப்ளிட்யூட் 265, பீட் எரர் 0.7, ரெகுலேட்டரைக் கொஞ்சம் தள்ளினதுல நாளைக்கு 8 விநாடி வேகம். காலையில ஒரு தடவை சாவி கொடுத்தா மறுநாள் காலை தாண்டி ஓடுது.

கருப்புத் தோல் ஸ்ட்ராப் போட்டு ஷிஃப்டுக்குக் கட்டிட்டுப் போனேன். ஃபோர்மேன் பார்த்துட்டு தன்னோட பைலட் ஒண்ணு வீட்டுல நிக்குதுன்னார். நாளைக்கு எடுத்துட்டு வர்றாராம்.

பழையலூப்:

கூலி பேசிக்கிட்டு வாங்குங்க. பழகினவங்கன்னு சும்மா செஞ்சா மில்லு முழுக்க வந்து நிக்கும்.

யாழ்மணிக்கூடு:

வணக்கம். இந்த இழையை முழுக்க வாசிச்சனான், நல்ல பிரயோசனமா இருந்தது. என்னட்ட அப்பா சவூதியில இருந்து கொண்டுவந்த சீக்கோ 5 இருக்கு, உள்ளுக்கு 7009 மெசின், ஓட்டோமெற்றிக். கையில கட்டி ஆட்டினால் ஓடுது, கழட்டி வைச்சால் ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில நிண்டுடுது. சாவியைச் சுத்தினால் ஒண்டும் இறுகுதில்லை. அது பழுதோ?

பழையலூப்:

அது பழுது இல்ல. 7009-க்கு சாவியால வைண்டிங்கே கெடையாது, கை அசைவுல மட்டும்தான் ஏறும். அதனால சாவியைச் சுத்திப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க. பின்மூடியைத் திறந்து, பாதி நிலா மாதிரி இருக்கிற ரோட்டரை விரலால மெல்லச் சுத்துங்க. ரெண்டு பக்கமும் தடையில்லாமச் சுத்தணும். உராயற சத்தம் கேட்டா நடு பேரிங் தேய்ஞ்சிருக்கு. சத்தம் இல்லாம, சுத்தினா ஓடி, சீக்கிரம் நின்னா பழைய எண்ணெயும் ஸ்ப்ரிங்கும்தான், இந்தத் தம்பி பண்ணின அதே வேலை.

ஒரே ஒரு வித்தியாசம், அதுல கிழமைத் தட்டு உண்டு. அதைப் பிடிச்சிருக்கிற வட்டக் கிளிப் பாராஷாக் ஸ்ப்ரிங்கைவிடப் பொல்லாதது. பாலிதீன் பை இல்லாம அதைத் தொடாதீங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி தேதிப் பக்கத்தை எல்லாக் கோணத்துலயும் போட்டோ எடுத்து, தனி இழை தொடங்கிப் போடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.